கம்மி செலவுல செமி ஸ்லிக் டயர் எடுக்கறது எப்படி: டர்பன்ல இருந்து ட்ராக்குக்குப் போற நம்மாளுங்களுக்கு

மச்சான் ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ வாங்கி பின்னாடி ஸீட்டு, கார்ப்பெட் எல்லாம் கழட்டிப் போட்டு ட்ராக்குக்குன்னே ரெடி பண்ணிட்டு இருக்கான், போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவன் சாப்பிட உக்காரறதுக்கு முன்னாடியே கேட்ட கேள்வி "இருக்கறதுலயே சீப்பான செமி ஸ்லிக் எது"ன்னுதான். நான் ஒரு சிட்டி கோல்ஃப வச்சு இத்தன வருஷமா ஓட்டிட்டு இருக்கேன், அவனுக்குச் சொன்னத இங்கயும் எழுதிடறேன், ஏன்னா இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்லயும் சாட்ஸ்வொர்த்லயும் நம்ம பசங்க நிறைய பேரு இதே கேள்வியோடதான் கடைக்குப் போறாங்க, போயி பில்லு கம்மியா இருக்கற டயரோட திரும்பி வர்றாங்க, ரெண்டு ட்ராக் டே (சொந்தக் கார ரேஸ் ட்ராக்ல ஓட்டற நாள்) கழிச்சு மறுபடியும் அதே கடையில நிக்கறாங்க.

நான் விலைய ட்ராக் நாள் கணக்குலதான் பாப்பேன். சும்மா கணக்குக்கு வச்சுக்கங்க, ஒரு செட் 8,000 ரேண்ட், மூணு ட்ராக் டேல காலி. இன்னொரு செட் 12,000 ரேண்ட், எட்டு ட்ராக் டே வருது. மொத செட்டு ஒரு நாளைக்கு 2,667 ரேண்ட் தின்னுது, ரெண்டாவது 1,500. அதுக்கு மேல ஒவ்வொரு செட்டுக்கும் ஃபிட்மென்ட் சென்டர்ல மாட்டற கூலி, பேலன்ஸிங், லீவு போட்டு அலையற அலைச்சல். அதனால விலை கேக்கறதுக்கு முன்னாடி உங்க கார்ல அது எத்தன நாள் தாங்கும்னு கேளுங்க, அதே சைஸ் அதே வெயிட்டு உள்ள கார்ல அத ஓட்டினவன் யாராவது இருந்தா அவன் சொல்றதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி.

செமி ஸ்லிக்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஸ்லிக்ல பள்ளமே இருக்காது, ரோட்டுல ஓட்டக்கூடாது. செமி ஸ்லிக்ல பள்ளம் கொஞ்சமா இருக்கும், சாதா டயர் புதுசுல 8 மி.மீ. ஆழம் இருந்தா இது 5, 6 மி.மீ.தான் இருக்கும், ரப்பர் மெத்துனு, பக்கச் சுவர் விறைப்பா, ரோட்டுக்கு அனுமதி உண்டு. பள்ளம் கம்மியா இருந்தா பள்ளத்துக்கு நடுவுல நிக்கற ரப்பர் துண்டுங்க வளையாது, அதான் திருப்பத்துல ஸ்டியரிங் சொன்ன உடனே கார் கேக்குது. அதே காரணத்தாலதான் தண்ணி தேங்கின ரோட்டுல அது பேய் மாதிரி மிதக்கும், அதுக்கு அப்புறம் வர்றேன்.

மொதல்ல நீங்க எங்க ஓட்டப்போறீங்கன்னு முடிவு பண்ணுங்க, நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். அப்பா இன்னும் சொல்லுவாரு, மாரிட்ஸ்பர்க்ல ராய் ஹெஸ்கெத் சர்க்யூட் இருந்த காலத்துல காலைல டர்பன்ல கிளம்பி ரேஸ் பாத்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்னு. அது 1981ல மூடிட்டாங்க. இப்ப நமக்குக் கிட்டத்துல இருக்கறது போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் இருக்கற டெஸ்ஸி, மத்தபடி கியலாமி, ஸ்வார்ட்காப்ஸ், ரெட் ஸ்டார் எல்லாமே மேல ஹைவெல்ட்ல (ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலம்), என்3 ஹைவேல ஒரு பக்கமே 500 கிலோமீட்டருக்கு மேல. போய் வந்தா ஆயிரத்துக்கு மேல, வருஷத்துக்கு அஞ்சு வாட்டி போனா 5,000 கிலோமீட்டருக்கு மேல வெறும் ஹைவேலயே ஓடுது. மெத்துனு இருக்கற டயர அந்த ஹைவேல தேய்ச்சா நடுப்பக்கம் தட்டையாகிடும், ரப்பர் சூடாகி ஆறி அதோட ஜீவனும் போகும், ஒரு லேப் கூட ஓட்டாம காசு போகுது.

அதனால என்னோட அபிப்பிராயம், மேல போறவன் இன்னொரு செட் மேக்ஸ் (அலாய் சக்கரம்) வாங்கி செமி ஸ்லிக்க அதுல மாட்டி, தெரிஞ்சவங்க பக்கில (பிக்கப் வண்டி) தூக்கிட்டுப் போங்க, இல்ல காருக்குள்ளயே அடுக்குங்க, ஸீட்டுதான் கழட்டியாச்சே. பழைய மேக்ஸ் வாங்கறப்போ போல்ட் இடைவெளி பாருங்க, சிட்டி கோல்ஃபுக்கு 4x100 (100 மி.மீ. வட்டத்துல நாலு போல்ட்), மச்சானோட போலோவுக்கு 5x100, அதனால என் பழைய செட்ட அவனுக்குக் குடுக்க முடியல. டெஸ்ஸிக்கு மட்டும் போறவன்னா வீட்டுல இருந்து அதே டயர்லயே ஓட்டிட்டுப் போகலாம், அப்ப கொஞ்சம் கெட்டி ரப்பரா எடுங்க.

அடுத்தது சைஸ். பசங்க இங்கதான் அவசரப்படறாங்க, எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லதுன்னு நினைச்சுக்கறாங்க. செமி ஸ்லிக் வேலை செய்யணும்னா சூடாகணும், தோராயமா 70ல இருந்து 100 டிகிரி வரைக்கும் ரப்பர் போனாதான் ஒட்டும். 850 கிலோ இருக்கற கோல்ஃபுல போய் 225 மி.மீ. அகலத்துல கெட்டியான ஒண்ண மாட்டினா பின் டயர் நாள் பூரா சூடே ஆகாது, முன்னாடி ஒட்டும் பின்னாடி வழுக்கும், திருப்பத்துல ஆக்ஸிலரேட்டர விட்ட உடனே பின்பக்கம் சுத்திக்கும். லேசான காருக்கு ஒடுக்கமான, மெத்துனு இருக்கற டயர்தான் சரி, விலையும் கம்மி. 15 இஞ்ச்ல 195/50 சைஸ்ல (அகலம் 195 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதுல 50 சதவீதம்) செமி ஸ்லிக் நிறைய பிராண்டுல வருது, ஆறு இல்ல ஏழு இஞ்ச் அகல மேக்ஸ்ல நல்லா உக்காரும். 13 இஞ்ச்ல கிடைக்கறது கம்மி, ஆனா அதுக்கு ஒரு லாபம் இருக்கு. 195/50ஆர்15ஓட விட்டம் 576 மி.மீ., 175/50ஆர்13ஓட விட்டம் 505 மி.மீ., அதாவது கியர் பன்னெண்டு சதவீதம் சின்னதாகுது. ஹைவெல்ட்ல காத்து லேசு, டர்போ இல்லாத இஞ்சின் பலம் சுமாரா 15 சதவீதம் போயிடும், அங்க அந்தச் சின்ன கியர் நல்லாவே உதவும், ஹைவேல இஞ்சின் கத்தறதத் தாங்கிக்கணும் அவ்வளவுதான். மச்சானோட போலோவுக்கு கம்பெனி சைஸ் 195/55ஆர்15, விட்டம் 595 மி.மீ. சொச்சம், அதுக்கு 205/50ஆர்15 போட்டா 586, வித்தியாசம் ரெண்டு சதவீதம் கூட இல்ல, ஸ்பீடோமீட்டரும் பெருசா பொய் சொல்லாது.

இப்ப டயர் சுவர்ல போட்டிருக்கற ட்ரெட்வேர் நம்பர், அதாவது தேய்மான நம்பர். எல்லாரும் இத க்ரிப் நம்பர்னு நினைச்சு 80 இருந்தா சூப்பர், 200 இருந்தா வேஸ்ட்டுனு பேசறாங்க, அது சரியில்ல. இது அமெரிக்க முறை, டெக்ஸாஸ்ல பொது ரோட்டுல கிட்டத்தட்ட 11,500 கிலோமீட்டர் ஓட்டி, 100னு வச்ச ஒரு டயரோட ஒப்பிட்டு எவ்வளவு தேயுதுன்னு பாக்கறது, பாத்துட்டு நம்பர குடுக்கறது அந்த டயர் கம்பெனியேதான். அதனால ஒரே கம்பெனிக்குள்ள ரெண்டு டயர ஒப்பிட இது உதவும், ஒரு கம்பெனியோட 180ஐயும் இன்னொரு கம்பெனியோட 180ஐயும் ஒப்பிட உதவாது. அங்க ஆட்டோகிராஸ்ல (கோன் வச்சு நேரம் பாத்து ஓட்டற போட்டி) ரோட்டு டயர் பிரிவுக்கு கொறஞ்சது 200 இருக்கணும்னு ரூல் வந்தப்புறம் யோகஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்ஈ-71ஆர்எஸ் மாதிரி டயர்லாம் 200னு போட்டுட்டு வருது, ஓட்டிப் பாத்தா 100 போட்ட சில டயரையே தூக்கிச் சாப்பிடும், சீக்கிரம் தேயவும் தேயும்.

நம்ம பட்ஜெட்ல எந்தெந்தப் பேரு வருதுன்னா, தைவான் பிராண்டுல நான்காங்கும் ஃபெடரலும், இந்தோனேசியா பிராண்டுல அக்ஸலெராவும். நான்காங் என்எஸ்-2ஆர் ரெண்டு ரப்பர்ல வருது, ட்ரெட்வேர் 120 ஒண்ணு 180 ஒண்ணு, கடையில பேரு மட்டும் சொல்லி ஆர்டர் போட்டா எது வரும்னு தெரியாது, நம்பர சொல்லி ஆர்டர் போடுங்க. டெஸ்ஸிக்கு ஓட்டிட்டுப் போய் ஓட்டிட்டு வர்றவனுக்கு 180 போதும், மொத தடவ செமி ஸ்லிக் போடறவனுக்கும் அதையேதான் சொல்வேன், ஏன்னா அது வழுக்கறதுக்கு முன்னாடி சத்தம் போட்டுச் சொல்லும், மெத்து ரப்பர் சத்தமே இல்லாம ஒட்டிட்டு இருந்துட்டு சட்டுனு விட்டுடும். ஏஆர்-1 அதே கம்பெனியோட மெத்து டயர், தனி மேக்ஸ்ல தூக்கிட்டுப் போறவனுக்கு. ஃபெடரல் 595 ஆர்எஸ்-ஆர்ஆர் தரமான மொத டயர். அக்ஸலெரா 651 ஸ்போர்ட் விலைக்கு நியாயமான டயர், இதுலயும் ஒண்ணுக்கு மேல ட்ரெட்வேர் உண்டு, அதனால இங்கயும் நம்பர கேட்டு வாங்குங்க. டோயோ ஆர்888ஆர் இதுக்கெல்லாம் மேல் படி, ட்ரெட்வேர் 100, விலையும் மேல, ஆனா கடைசி வரைக்கும் ஒரே மாதிரி ஓடும், நாள் கணக்குல பாத்தா சில சமயம் அதுதான் சீப்பா வந்து நிக்கும். மிஷெலின் கப் 2 எல்லாம் பெரிய காருக்கு, நம்ம பேச்சுல வேண்டாம். சீனாவுல இருந்து வர்ற கார் டயருக்கு 2023ல இருந்து இங்க தனி வரியும் இருக்கு, அதனால அங்க செஞ்ச டயர்னா சீப்புன்னு முன்னாடி மாதிரி கண்ண மூடிட்டு எண்ண முடியாது, ரேண்ட் டாலருக்கு எப்படி இருக்குன்னும் பாத்து வாங்குங்க, இறக்குமதி டயர் எல்லாமே அதோடதான் ஏறி இறங்கும்.

பிராண்ட விட தேதி முக்கியம், இத அழுத்திச் சொல்றேன். டயர் சுவர்ல டாட் (DOT) எழுத்துக்கு அப்புறம் கடைசில நாலு எண் இருக்கும், 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். மெத்து ரப்பர் சும்மா கிடந்தாலே இறுகும். எனக்கு ஒரு வாட்டி நடந்தது, ரேஸ் ஓட்டறவர் ஒருத்தர் கழட்டினதுன்னு ஒருத்தர் நாலு டயர் பாதி விலைக்குக் குடுத்தாரு, பள்ளம் பாதிக்கு மேல இருந்துச்சு, பாக்க புதுசு மாதிரி பளபளன்னு. மூணாவது லேப்ல ப்ரேக் போட்டு திரும்பறப்போ கார் நேராவே போச்சு, மண்ணுல இறங்கி நின்னேன், யாருக்கும் ஒண்ணும் ஆகல. பிட்டுக்கு (ட்ராக் ஓரம் கார நிறுத்தற இடம்) வந்து படுத்து உள் பக்கச் சுவரப் பாத்தா தேதி ஏழு வருஷம் பழசு. தேதி ஒரு பக்கச் சுவர்ல மட்டும்தான் முழுசா இருக்கும், அது உள் பக்கமா திரும்பி இருந்துச்சு. அன்னைக்கு இருந்து கழட்டின டயர மேக்ஸ்ல மாட்டியிருந்தா வாங்கறதே இல்ல, தனியா எடுத்து ரெண்டு பக்கமும் பாத்துத்தான் வாங்கறது.

வயசு மட்டும் இல்ல, எத்தன வாட்டி சூடாகி ஆறிச்சுங்கறதும் இருக்கு. ஒவ்வொரு வாட்டி நல்லா சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகும், அதனால பள்ளம் பாதி மீதி இருந்தும் டயர் செத்துப்போயிருக்கலாம். பழசு வாங்கியே ஆகணும்னா நகத்தால அழுத்திப் பாருங்க, அழுத்தின இடம் மெதுவா மேல வரணும். ரப்பர் கெட்டிய அளக்கற ட்யூரோமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, கடையில அதே மாடல் புது டயர்ல ஒரு வாட்டி வச்சுப் பாத்துட்டு பழசுல வைங்க, பத்து புள்ளிக்கு மேல கெட்டியா இருந்தா வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஓரம் நீலம் பூத்த மாதிரி இருந்தா கருகினது. உள் ஓரத்துல நூல் தெரியுதான்னு கைய விட்டுத் தடவிப் பாருங்க, வெளிய இருந்து பாத்தா தெரியாது. பஞ்சருக்கு ஆப்பு வச்சு அடைச்ச டயர ட்ராக்குக்கு எடுக்கவே எடுக்காதீங்க.

நாலும் ஒரே டயரா போடுங்க. முன் சக்கரம் இழுக்கற கார்தானே, முன்னாடி ரெண்டுக்கு மட்டும் செமி ஸ்லிக் வாங்கினா பாதிக் காசுல முடியும்னு யோசிப்பீங்க, மச்சானும் அதையேதான் கேட்டான். அப்படிப் போட்டா வேகமான திருப்பத்துல முன்பக்கம் போகற வேகத்துக்கு பின்பக்கத்தால தாக்குப்பிடிக்க முடியாது, கார் சுத்தும். நாலும் வாங்கி ஒவ்வொரு ட்ராக் டே முடிஞ்சும் முன்ன பின்ன மாத்துங்க, நாலும் சேந்து தேயும், அதுதான் காச மிச்சம் பண்ணும். சுவர்ல சுத்தற திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தா அதே பக்கத்துலதான் முன்ன பின்ன மாத்தணும்.

மாட்டின உடனே போயி முழு வேகத்துல ஓட்டாதீங்க. மொத சூடு மெதுவா ஏறணும், பத்துப் பதினஞ்சு நிமிஷம் கொஞ்சம் கொஞ்சமா வேகம் கூட்டி ஓட்டிட்டு, கழட்டி வச்சு ஒரு நாள் முழுக்க ஆற விடுங்க. அப்பதான் ரப்பர் செட்டாகும், அதுக்கு அப்புறம் ரொம்ப நாள் ஒரே மாதிரி ஓடும். சனிக்கிழமை ட்ராக் டேன்னா வியாழக்கிழமையே இந்த வேலைய முடிச்சுடுங்க.

காத்து விஷயத்துலதான் நம்மாளுங்க நல்ல டயர கெடுக்கறாங்க. டயர் 25 டிகிரில இருந்து 75 டிகிரிக்கு சூடானா உள்ள இருக்கற காத்து கிட்டத்தட்ட அரை பார் ஏறும். காலைல பெட்ரோல் ஸ்டேஷன்ல 2.2னு வச்சுட்டுப் போனா நாலாவது லேப்ல 2.7 ஆகிடும், டயர் நடு மட்டும்தான் ரோட்டுல படும், வழுக்கும், ஓட்டறவன் டயர் மோசம்னு சொல்லுவான். சூடா இருக்கறப்போ 2.0ல இருந்து 2.2க்குள்ள நிக்கற மாதிரி பாத்துக்கங்க, லேசான காருக்கு அதுக்கும் கீழ போகலாம், என் கோல்ஃப் 1.9லதான் நல்லா கடிக்குது. அதுக்கு காலைல 1.6 பக்கம் வச்சு ஆரம்பிச்சு, ரெண்டு சூடான லேப் முடிஞ்ச உடனே பிட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா பாத்து இறக்குங்க. வெயிட்டு விழற பக்கத்து டயர் ஜாஸ்தி ஏறியிருக்கும், நாலையும் ஒரே அளவுக்கு கொண்டு வாங்க.

இதுல டர்பன்காரங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. காத்து அளக்கற கேஜ் காட்டறது உள்ள இருக்கற அழுத்தத்துக்கும் வெளிக்காத்துக்கும் உள்ள வித்தியாசத்த. கடலோரத்துல வெளிக்காத்து 1.01 பார், 1,500 மீட்டர் உயரத்துல 0.85 பார்தான். அதனால இங்க 1.8 வச்ச டயர் மேல போனா ஒரு பொட்டு காத்து அடிக்காமலே 1.96 காட்டும். ஆனா ஜூலை மாசக் காலைல அங்க மூணு நாலு டிகிரி குளிரு, இங்க 22 டிகிரில வச்ச காத்து அந்தக் குளிர்ல 0.18 இறங்கிடும், ரெண்டும் ஒண்ண ஒண்ணு மறைச்சு காலைல கேஜ் அதே 1.8 பக்கம் காட்டும், நீங்களும் ஒண்ணும் மாறலன்னு நினைச்சுடுவீங்க. மத்தியானம் வெயில் ஏறினதும் நம்பர் எங்கயோ போயிடும். அதனால வீட்டுல வச்ச நம்பர நம்பாதீங்க, உங்க சொந்த கேஜ் கொண்டு போங்க, மேல போய்ச் சேந்ததும் பாருங்க, மத்தியானம் மறுபடி பாருங்க. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ரோட்டு அளவுக்கு காத்து ஏத்திட்டுத்தான் என்3ல ஏறணும், இறக்கின காத்தோட 120ல போனா டயர் உள்ளயே வெந்துடும், ஒரு சின்ன பம்ப் பூட்டுல இருக்கட்டும்.

டயர் சரியா உக்காருதான்னு பாக்க பெரிய மெஷின் வேண்டாம், சாக்பீஸ் போதும். ஓரத்துல இருந்து சுவர் வரைக்கும் ஒரு கோடு போட்டு ரெண்டு லேப் ஓட்டிப் பாருங்க, கோடு சுவர் வரைக்கும் அழிஞ்சிருந்தா காத்து கம்மி, இல்லன்னா கேம்பர் (சக்கரத்தோட மேல் பக்கம் உள்பக்கமா சாயற சாய்வு) கம்மி, ஓரத்துலயே அழியாம நின்னா காத்து ஜாஸ்தி. கம்பெனி செட்டிங்ல முன் சக்கரம் கிட்டத்தட்ட நேரா நிக்கும், அப்படியே செமி ஸ்லிக் மாட்டினா வெளி ஓரம் ஒரே நாள்ல தின்னுபோயிடும், நடுவும் உள்ளயும் புதுசா இருக்கும். ரெண்டரை டிகிரி பக்கம் நெகட்டிவ் கேம்பர் வச்சா அதே டயர் எவ்வளவோ நாள் கூட வரும். கையில டயருக்கும் கேம்பர் பிளேட்டுக்கும் சேத்து காசு இல்லன்னா, மொதல்ல கேம்பர் பண்ணிட்டு ஒரு படி கீழ உள்ள டயர வாங்குங்கன்னுதான் சொல்வேன். ப்ரேக் ஆயிலும் பேடும் மாத்தாம மெத்து டயர் போடாதீங்க, க்ரிப் கூடினா ப்ரேக் சூடும் கூடும். திருப்பத்துல நீளமா சாஞ்சு போறப்போ இஞ்சின் ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கும், பழைய இஞ்சின்ல ஆயில் அளவு மேல் கோட்டுலயே இருக்கட்டும்.

மழை. டிசம்பர் ஜனவரில ஹைவெல்ட்ல மத்தியானத்துக்கு மேல வர்ற இடிமழை எப்படின்னு உங்களுக்கே தெரியும், என்3ல வர்ற வான் ரீனன் மலை இறக்கத்துல மழையும் பனிமூட்டமும் சேந்து வரும். தேஞ்ச செமி ஸ்லிக்ல அங்க லாரிக்கு நடுவுல இறங்கறது உயிரோட விளையாடறது. சட்டத்துல பள்ளம் 1 மி.மீ. இருந்தாப் போதும்தான், ஆனா செமி ஸ்லிக்ல 3 மி.மீ.க்குக் கீழ போனாலே நான் மழைல எடுக்க மாட்டேன். குடும்பத்த உக்கார வச்சு கோயிலுக்குப் போற காரும் அதுவே தான்னா இந்த டயர் அதுல வேண்டவே வேண்டாம், சாதா டயர மாட்டி வைங்க. இன்ஷூரன்ஸ் பாலிசிய எடுத்துப் படிங்க, பெரும்பாலும் ட்ராக்ல நடக்கறதுக்குக் காசு தர மாட்டாங்க.

மச்சானுக்கு கடைசில 205/50ஆர்15ல என்எஸ்-2ஆர் 180 எடுத்தோம், நாலும் ஒரே வாரத்துத் தேதி, கடைக்காரர் உள்ள இருந்து கொண்டு வந்த மொத செட்ல ஒண்ணு மட்டும் ரெண்டு வருஷம் பழசா இருந்துச்சு, மாத்திக் குடுங்கன்னு கேட்டோம், மாத்திக் குடுத்தாரு. வியாழக்கிழமை ராத்திரி மொத சூடு ஏத்தி கராஜ்ல கழட்டி அடுக்கி வச்சாச்சு, டயர் மேல சாக்பீஸ்ல இடது முன், வலது முன்னு எழுதியும் வச்சுட்டான். சனிக்கிழமை டெஸ்ஸி. காலைல 1.7ல ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன், கேஜ் என்கிட்ட இருக்கு.